போலெக்ஸ் எடுத்துப் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. போலெக்ஸ் என்பது ஸ்பிரிங்கை முறுக்கி ஓட்டும் ஃபிலிம் கேமரா. 100 அடி 16 எம்எம் சுருள் விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓடினால் கிடைப்பது சுமார் 2 நிமிடம் 45 விநாடிதான். ஸ்பிரிங்கை முழுதாக முறுக்கினால் ஒரே மூச்சில் ஏறக்குறைய 28 விநாடி ஓடும். ஷாட்டை அதற்குள் முடியும்படி யோசித்துவிட்டு வாருங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் மறக்காமல் முறுக்குங்கள்.

ஃபிலிமை நிழலில் ஏற்றுங்கள், வெயிலில் வேண்டவே வேண்டாம். நுனியை கேமராவில் உள்ள கத்தியாலேயே வெட்டுங்கள். கிழிந்த நுனி உள்ளே போனால் சிக்கும். ஏறியதும் லூப் கைடுகளை, அதாவது ஃபிலிமைத் தளர்வான வளைவாக (லூப்) வளைத்துவிடும் பாகங்களை, திறந்துவிட்டு, மூடி போடும் முன் இரண்டு விநாடி ஓட்டி, மேலும் கீழும் உள்ள லூப்களைக் கண்ணால் பாருங்கள். லூப் சுருங்கினால் படம் மேலும் கீழும் குதிக்கும், கழுவி வந்த பிறகுதான் தெரியும். பாவம், அந்தச் சுருள் போனது போனதுதான்.

கேட்டில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடும் சட்டத்தில், ஒட்டிய எமல்ஷன் (ஃபிலிமின் ஒளிப்பூச்சு) துணுக்கை மரக்குச்சியால் மட்டும் எடுங்கள். உலோகம் பட்டால் கீறல் நிரந்தரம்.

லென்ஸ் வழியாகவே பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் மாடலில், வியூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்பும் பிரிசம் கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும். அதனால் 24 ஃபிரேமுக்கு லைட் மீட்டரில் 1/65 விநாடி வேண்டாம், 1/80 வையுங்கள். டிரை-எக்ஸ் 7266 ஃபிலிமுக்குப் பகலில் ஐஎஸ்ஓ 200. அது ரிவர்சல் (நெகட்டிவ் இல்லாமல் நேரே பாசிட்டிவ் படம் தரும் ஃபிலிம்) என்பதால், வெளிச்சம் கூடினால் வானம் வெளுத்துப்போய் மீளாது. கண்ணை எடுத்துவிட்டுப் படமெடுத்தால் வியூஃபைண்டரை மூடிவிடுங்கள், அந்த வழியாகவும் ஒளி உள்ளே போகும்.

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள், நீர் கோத்துக்கொள்ளும். விமான நிலையத்தில் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.