கடைசி ஆள் வரும்வரை

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கு அம்மாவின் இடுப்பு எலும்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் நீ எழுதியிருந்த ஒரு வரி: "நீ சொன்னாய் என்று அரைமணி நேரம் பார்த்தேன், நூற்றைம்பது பேர் சைக்கிள் மிதித்தார்கள், அணைத்துவிட்டேன்." இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. நீளமாக எழுத நேரமும் கிடைக்கவில்லை. இன்று கிடைத்திருக்கிறது, உட்கார்ந்து கேள்.

முதலில் செய்திகள். அம்மா கைத்தடி பிடித்து நடக்கிறாள். பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. குடைக்கார டீச்சரை மகள் தன்னோடு அழைத்துப் போய்விட்டாளாம். 

சரி, சைக்கிள் பந்தயம். பாதிக் கூத்தில் வந்து உட்கார்ந்தவளுக்கு யார் ராஜா, யார் மந்திரி என்று எப்படித் தெரியும்? உன்மேல் குற்றமில்லை, முதலிலேயே சொல்லாதது என் குற்றம். இந்த விளையாட்டைப் பார்ப்பதற்கு முன் வாசிக்க வேண்டும். சாலையோரம் காத்து நிற்பவருக்குச் சில விநாடி காற்றும் வண்ணமும்தான் கிடைக்கின்றன. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது, பின்னால் வருபவனுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதே சில சமயம் தெரியாது. யாராவது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பந்தயமாகவே ஆகிறது.

டூர் டி பிரான்ஸ் பிறந்ததே அப்படித்தான். லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் போட்டிப் பத்திரிகையை முந்த வழி தேடிக்கொண்டிருந்தது. ஜியோ லெஃபேவ்ர் என்ற இளம் நிருபர், பிரான்ஸையே சுற்றிவரும் பந்தயம் ஒன்று நடத்தலாம் என்றார். ஆசிரியர் ஆன்ரி தெக்ரான்ஜ் துணிந்துவிட்டார். 1903 ஜூலையில் ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர், இரவு பகல் என்றில்லாமல் ஓட்டம். கிளம்பிய 60 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். கண்ணால் காண முடியாததை மறுநாள் மக்கள் காசு கொடுத்து வாங்கி வாசித்தார்கள். அந்தப் பத்திரிகை அச்சானது மஞ்சள் தாளில். 1919 முதல், மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவருக்குத் தரும் ஜெர்சியும் மஞ்சள். இத்தாலியில் 1909-இல் ஜீரோ டி இத்தாலியா என்ற பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகைக்கு இளஞ்சிவப்புத் தாள், அங்கே ஜெர்சியும் இளஞ்சிவப்பு. எழுத்தின் நிறத்தை உடம்பில் போட்டுக்கொண்டு ஓடும் விளையாட்டு வேறு ஏதாவது இருக்கிறதா, சொல்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு கொல்லன் பட்டறையில். 1913-இல் யூஜீன் கிறிஸ்டோஃப் என்பவர் டூரை வெல்லும் வாய்ப்போடு டூர்மலே மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சைக்கிளின் முன்கவை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, முறிந்துவிட்டது. அந்தக் காலத்து விதிப்படி யாரும் உதவக் கூடாது, வேறு சைக்கிளும் கிடையாது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தே இறங்கினார். செயின்ட் மரி டி காம்பான் என்ற ஊரில் ஒரு பட்டறை இருந்தது. அதிகாரிகள் பார்த்துக்கொண்டே நிற்க, இரும்பைத் தானே காய்ச்சி, தானே அடித்து, கவையைச் செய்து பொருத்திக்கொண்டு கிளம்பினார். மணிக்கணக்கில் நேரம் போய்விட்டது. அது போதாதென்று அதிகாரிகள் ஒரு தண்டனையும் போட்டார்கள். ஏன் தெரியுமா? துருத்தி ஊதியது ஒரு சிறுவன். அது பிறர் உதவியாம்!

ஆறு ஆண்டுகள் கழித்து, உலகப் போருக்குப் பின், முதன்முதலாக மஞ்சள் ஜெர்சி அணிந்தவர் இதே கிறிஸ்டோஃப்தான். பாரிஸுக்கு முந்தைய கட்டத்தில் அவருடைய கவை மறுபடியும் முறிந்தது. அவர் டூரை வென்றதே இல்லை. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, வசந்தி. அம்மாவின் கட்டில் அருகே உட்கார்ந்து அந்த மனிதருக்காக அழுதேன்.

நீ பார்த்த அந்த "சும்மா மிதிக்கும்" கூட்டத்துக்கு வருகிறேன். அதைப் பெலட்டான் என்பார்கள். அங்கே எல்லாமே காற்றின் கணக்கு. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். அதனால்தான் பகைவர்கள்கூட முறைவைத்து முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். கூட்டத்தை விட்டுத் தப்பி முன்னே ஓடும் ஐந்து பேரில் ஒருவன்தான் வெல்வான். இருந்தும் ஐவரும் ஒத்துழைத்தால்தான் கூட்டத்திடம் பிடிபடாமல் இருக்கலாம். எந்த நிமிடத்தில் கூட்டாளியைக் கைவிடுவது என்று ஐந்து பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டபடியே மிதிக்கிறார்கள். டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர், அவர்களில் ஏழு பேர் பெரும்பாலும் ஒருவனுக்காகத் தண்ணீர் சுமக்கிறவர்கள், காற்றை மறைக்கிறவர்கள், அவன் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்கிறவர்கள். பக்கக் காற்று அடிக்கிற நாளில் கூட்டம் விசிறி போலச் சாய்ந்து வரிசை கட்டும். சாலையின் அகலம் தீர்ந்ததும் வரிசையில் இடமில்லாதவன் காற்றில் மாட்டிக்கொள்வான், கண்ணெதிரே கூட்டம் அறுந்துபோகும். நீ அணைத்த நேரத்தில் அவர்கள் காற்றுக்காகக் காத்திருந்தார்களோ என்னவோ!

கணிதம் படித்தவள் நீ, அதனால் இதை உனக்கென்றே வைத்திருந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஜூலை 25, பெண்கள் சாலைப் பந்தயம், 137 கிலோமீட்டர். ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். எந்தத் தொழில்முறை அணியிலும் அப்போது அவர் இல்லை. தன் பயிற்சித் திட்டத்தைத் தானே போட்டுக்கொண்டவர். கொடி அசைந்ததுமே முன்னால் பாய்ந்தார், இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது அவர்களையும் விட்டுவிட்டுத் தனியே போனார். ஒலிம்பிக்ஸில் ஓட்டுபவர்களின் காதில் அணியோடு பேசும் வானொலி கிடையாது. பின்னால் வந்த நட்சத்திரங்கள் தப்பியவர்களில் மற்றவர்களைப் பிடித்ததும் எல்லோரையும் பிடித்துவிட்டதாக நினைத்தார்கள். நெதர்லாந்தின் ஆன்மீக் ஃபான் ஃப்ளூட்டன் கோட்டைத் தாண்டிக் கைகளை உயர்த்தினார். தங்கம் தனக்கே என்று நம்பினார். கீசன்ஹோஃபர் அதற்கு 75 விநாடி முன்பே வந்து, தரையில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தியைச் சேர்க்க மறந்த கூட்டல் கணக்கு! படுத்திருந்த அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவள் கேட்டது வேறு: "கை தூக்கிய அந்தப் பெண் பாவம், யார் அவளுக்குச் சொன்னார்கள்?"

ஊக்கமருந்து என்பாய். நீ சொல்லாமல் விடமாட்டாய் என்று தெரியும். 1999 முதல் 2005 வரை ஏழு டூர் பட்டங்கள், ஊக்கமருந்துக்காக லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து 2012-இல் பறிக்கப்பட்டன. வேறு யாருக்கும் அவற்றைக் கொடுக்கவில்லை, வெற்றியாளர் பட்டியலில் அந்த ஏழு வரிகள் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. அதை நான் மறைக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் அந்த ஆண்டுகளில் நேர்மையாக ஓட்டி, இருபதாவதாகவும் ஐம்பதாவதாகவும் வந்து, பெயர் தெரியாமல் வீட்டுக்குப் போனவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் என் கோபம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஜினோ மேடர், சுவிட்சர்லாந்துக்காரர், 26 வயது. 2023 ஜூனில் தன் சொந்த நாட்டுப் பந்தயத்தில், ஆல்புலா மலையிறக்கத்தில் விழுந்தார், மறுநாள் இறந்துவிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் பந்தயத்தில், ஒவ்வொரு நாளும் தனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு யூரோ என்று கணக்கிட்டு நன்கொடை கொடுத்தவர். அவர் இறந்த நாளில் பந்தயத்தை நிறுத்திவிட்டு, கடைசி 20 கிலோமீட்டரை எல்லோரும் சேர்ந்து மெதுவாக ஓட்டிப் போனார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. அன்று நீ பார்த்திருந்தால் அணைத்திருக்க மாட்டாய்.

எதை வாசிப்பது என்று கேட்பாய் அல்லவா? முடிவுப் பட்டியல் போடுகிறவர்களை விட்டுவிடு. அன்றைய சாலை எங்கே குறுகுகிறது, காற்று எந்தப் பக்கம், யாருக்கு இன்று அவசரம் என்று காலையிலேயே எழுதுகிறவர்களைப் படி, மாலையில் திரையில் அது நடக்கும்போது உனக்கே சிலிர்க்கும். பணத்தைப் பற்றி எழுதுகிறவர்களையும் விடாதே. சாலையோரம் டிக்கெட் விற்க முடியாது, அணிகள் விளம்பரதாரர்களின் பணத்தில்தான் வாழ்கின்றன. அந்த நிறுவனம் கைவிட்டால் அணியின் பெயரும் மறைந்துபோகும். அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாதவன் ஏன் நம்பிக்கையில்லாத ஓட்டத்தில் தப்பி ஓடுகிறான் என்பது அப்போது புரியும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, ஓய்வுபெற்ற தண்ணீர் சுமப்பவர்கள் எழுதுவது. வென்றவர்கள் தங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், இவர்கள் எல்லோரையும் பற்றி எழுதுகிறார்கள்.

பார்ப்பதற்கு டூரிலிருந்து தொடங்காதே. ஏப்ரல் ஞாயிறு ஒன்றில் பாரிஸ்–ரூபே என்ற பந்தயம் வரும். ஒரே நாள், சுமார் 260 கிலோமீட்டர், அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் பழைய கருங்கல் பாவிய பாதை. பரிசும் ஒரு கருங்கல்தான். 2016-இல் அதைத் தூக்கியவர் மாத்யூ ஹேமன். வயது 37, அது அவருக்குப் பதினைந்தாவது ரூபே, ஆறு வாரம் முன்பு கை முறிந்து வீட்டுக்குள்ளேயே நிலைச் சைக்கிளில் பயிற்சி எடுத்தவர். நான்கு முறை வென்ற டாம் பூனனைக் கடைசி விளையாட்டரங்கில் முந்தினார். கோட்டைத் தாண்டிய பிறகு அவர் முகத்தைப் பார், தனக்கு நடந்ததை அவரே நம்பவில்லை.

ஜூலையில் அம்மாவால் எழ முடியாதிருந்த மூன்று வாரமும் டூர்தான் எங்களுக்குப் பொழுது. வென்றவன் வந்ததும் நான் அணைக்கப் போவேன். "கடைசி ஆள் வந்துவிட்டானா?" என்பாள். மலை நாட்களில் நேர வரம்பு உண்டு, அதற்குள் வராதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேகமான கால்கள் உள்ள கனத்த உடம்புக்காரர்கள், வேலை முடித்த தண்ணீர் சுமப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, வரம்பை மட்டும் எண்ணிக்கொண்டு கூட்டமாக மலையேறுவார்கள். மொத்தக் கணக்கில் கடைசியாக இருப்பவனை ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு லாந்தர் என்று அழைப்பார்கள். அம்மா மஞ்சள் ஜெர்சியை விட்டுவிட்டு அந்த லாந்தரைத்தான் தேடுவாள். அவன் உள்ளே வந்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் மாத்திரை போட்டுக்கொள்வாள்.

அடுத்த ஜூலையில் உனக்கு எத்தனை நாள் விடுமுறை கிடைக்கும் என்று உடனே எழுது. ஜன்னல் பக்க நாற்காலி உனக்கென்று அம்மா சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உன் சுமதி