வெளியுறவுத் துறை நிலைக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். "திருப்பி அடித்தால்தான் அடங்குவார்கள்" என்று பாகிஸ்தான் விஷயத்தில் பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறோம். அப்படி யாராவது அடங்கினார்களா என்று உங்கள் குழு கணக்குப் பார்த்ததுண்டா?

2016-ல் காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பதிலாக நம் வீரர்கள், காஷ்மீரை இரண்டாகப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப்போய் அடித்தார்கள். 2019-ல் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களைப் பறிகொடுத்தோம், அதில் இருவர் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகள். இம்முறை விமானங்கள் பாகிஸ்தானுக்குள் பாலாகோட் வரை போயின. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் நம் ஏவுகணைகள் பாகிஸ்தானின் பஞ்சாபில் பஹவல்பூரிலும் முரித்கேயிலும் விழுந்தன. அடி ஒவ்வொரு முறையும் பலமாகிக்கொண்டே போகிறது. ஜெய்ஷ்-எ-முகமது போன்ற பயங்கரவாத அமைப்புகளை வளரவிட்டதில் பாகிஸ்தான் ராணுவத்துக்குப் பங்கில்லை என்று நான் வாதாடவில்லை. அடி பலித்ததா என்பதுதான் கேள்வி.

இனி எந்தப் பயங்கரவாதச் செயலும் போராகவே கருதப்படும் என்று 2025 மே 10 அன்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் இரண்டு அணு ஆயுத நாடுகளுக்கு இடையே போரை எப்போது தொடங்குவது என்ற முடிவை, போரையே விரும்பும் நாலைந்து துப்பாக்கிக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டோமே!

அந்த மே மாதம் கராச்சித் துறைமுகமே காலி என்று சில சேனல்கள் கூவின. ஜம்முவில் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய நம் பூஞ்ச் நகரத்தில் நடந்ததோ வேறு. மே 7 அன்று பாகிஸ்தான் வீசிய குண்டுகள் வீடுகள் மேலும் குருத்வாரா மேலும் விழுந்தன. பன்னிரண்டு வயது இரட்டைப் பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

2001-ல் எல்லையில் படைகளைக் குவித்ததால்தான் 2003 சண்டைநிறுத்தம் கிடைத்தது என்பார் சிலர். தேதிகளைப் பாருங்கள். படைகளைத் திரும்ப அழைக்க 2002 அக்டோபரில் முடிவானது. 2003 ஏப்ரலில் வாஜ்பாய் ஸ்ரீநகரில் நின்று நட்புக்கரம் நீட்டினார். துப்பாக்கிகள் ஓய்ந்தது அந்த நவம்பரில். 2005-ல் ஸ்ரீநகரிலிருந்து பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் முசாபராபாத்துக்குப் பேருந்து ஓடியது. 2008 முதல் பூஞ்ச் பக்கம் சக்கன் தா பாக் என்ற எல்லை வாசல் வழியே லாரிகள் போய்வந்தன. காசு கைமாறாத பண்டமாற்று வணிகம். ஆயுதமும் போதைப்பொருளும் கடத்தப்படுகின்றன என்று சொல்லி 2019 ஏப்ரலில் அதை நிறுத்தினோம். சோதனையை இறுக்கியிருக்கலாம், வாசலையே அடைத்துவிட்டோம்.

1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்றது 1960-ன் சிந்து நதிநீர் ஒப்பந்தம். 2025-ல் அதையும் நிறுத்திவைத்தோம். அதே ஆண்டு ஆகஸ்டில், ஜம்முவிலிருந்து பாகிஸ்தானுக்குள் பாயும் தாவி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஒப்பந்தப்படி அமைந்த சிந்து ஆணையம் வழியாகப் போக வேண்டிய எச்சரிக்கையைத் தூதரகம் வழியாக அனுப்ப வேண்டியதாயிற்று. தண்ணீருக்குக் கட்டுப்பாட்டுக் கோடு தெரியாதே.

2025-ன் சண்டை நின்றதும் ஒரு போன் பேச்சில்தான். மே 10 பிற்பகல் 3.35-க்கு பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் நம்மவரை அழைத்தார்; ஐந்து மணிக்கு நிறுத்த முடிவானது. (வாஷிங்டன் நமக்கு முந்திக்கொண்டு அறிவித்தது தனிக் கூத்து.)

ஆகவே வெளியுறவு அமைச்சகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: சிந்து ஆணையர்கள் மறுபடி எப்போது சந்திப்பார்கள்? பஞ்சாபில் உள்ள அட்டாரி எல்லை வாசல் எப்போது திறக்கும்? பாகிஸ்தானிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்கு விசா உண்டா? சக்கன் தா பாக்கில் லாரிகளைச் சோதிக்க ஸ்கேனர் வைக்க என்ன தடை? பதில்களை அறிக்கையாக அவையில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்