மணாலி – லே சைக்கிள் பயணம்: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்து அன்பு உறவுகளுக்கு,

66 வயதில் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போன எங்கள் வாத்தியார், முழங்காலோடு பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். பயணக் கதையை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கணக்குச் சொல்லி நன்றி கூறத்தான் இந்த மடல்.

முதல் கும்பிடு சைக்கிள் திருத்தும் பாஸுக்கு. பின் வீலை 36 கம்பி ரிம்மில் புதிதாகக் கட்டித் தந்தார். கம்பி அறுவது இறுக்கத்தால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தளர்ந்த கம்பிதான் அறும். வீல் சுற்றும்போதெல்லாம் தளர்ந்து தளர்ந்து இறுகி, வீலின் நடு ஹப்பில் வளைகிற கழுத்தில் வெடித்துவிடும். செயின் பக்கத்துக் கம்பி அறுந்தால், பின் வீலின் பல்சக்கர அடுக்கான கேசட்டைக் கழற்றாமல் மாற்ற முடியாது. அதனால் கேசட் கழற்றும் சாவியும், முன் வீல், பின் இடது, பின் வலது என்று 3 நீளத்திலும் மும்மூன்று கம்பியும், ரிம்மில் கம்பியை இறுக்கும் நிப்பிளோடு ஃபிரேமில் டேப் சுற்றிக் கட்டி அனுப்பினார். "எல்லாம் ஒரே அளவுதான்" என்று ஒரு கடையில் கொடுத்ததை ஸ்கேல் வைத்து அளந்து திருப்பி அனுப்பினாரே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

கியரும் அவர் யோசனைதான். மிக லேசான கியரில் முன் சக்கரப் பல்லு 22, பின்னால் 34. 26 அங்குல வீலில் பெடல் ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 5 கிலோமீட்டர் தேறாது. நம்ம றம்பொடை ஏற்றத்தில் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் நன்றி. வயதான முழங்காலுக்கு அதுதான் மருந்து.

ஃபெக்டரி ஃபிட்டர் அண்ணன் செயினை அளக்கப் பழக்கினார். 12 முழு இணைப்பு (உள் தகடும் வெளித் தகடும் சேர்ந்தது ஒன்று), புதிதில் சரியாக 12 அங்குலம். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றவேண்டும். எட்டில் ஒன்று ஆகும்வரை விட்டால் பல்சக்கரமும் போச்சு. எண்ணெய் விட்டபின் வெளிப்பக்கத்தைத் துடைக்காவிட்டால் லடாக் மணல் ஒட்டி அரைக்கும்.

டொக்டர் அம்மாவுக்கு நாங்கள் பெரிய கடன்பட்டிருக்கிறோம். "மலைநாட்டு ஆள், உயரம் என்ன புதுசா?" என்று நாங்கள் கேட்டதற்கு, நம் இலங்கையிலேயே உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீட்டர்தான், மலை நோய் தொடங்குவதே அந்த உயரத்துக்கு மேலேதான் என்றார். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. அந்தப் பாதையில் சிக்கலே அதுதான்: சுமார் 3,200 மீட்டரில் ஜிஸ்பா, அடுத்து வழக்கமாகத் தங்கும் சர்ச்சு 4,200க்கும் மேல். இடையில் கூடாரம் போட்டாக வேண்டும். தலைவலி இருந்தால் ஏறாதே, நடையில் தள்ளாட்டம் வந்தால் இரவென்றும் பாராமல் இறங்கு என்று ஒரு துண்டில் எழுதி, பிரஷர் மாத்திரைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

தேயிலை தந்த டீமேக்கர் ஐயாவுக்கும் நன்றி. 5,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. பெரிய இலை அந்தச் சூட்டில் மெதுவாகத்தான் இறங்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் அவர் தூளான டஸ்ட் தேயிலை அரைக் கிலோ கட்டிக் கொடுத்தார். பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது என்பதால், தோட்டத்து லயத்து அக்காமார் கடலையும் பயறும் அரிசியும் வறுத்து இடித்து 3 கிலோ சத்துமாவு செய்து தந்தார்கள். அதில் ஒரு கரண்டிகூடத் திரும்பி வரவில்லை.

கூரைத் தார்ப்பாயில் பை தைத்த டெய்லர் மாமாவுக்கும், சைக்கிள் பெட்டி கட்டும்போது இடது பெடலின் திருகு மறை எதிர்ப்பக்கம் சுற்றும் என்று கத்தித் தடுத்த தம்பிக்கும் நன்றி. இல்லாவிட்டால் கிராங்க் அன்றைக்கே போயிருக்கும்.

மிஞ்சிய 5 கம்பி, கேசட் சாவி, செயின் உடைக்கும் டூல் எல்லாம் பாஸிடம் கொடுத்தாயிற்று. அடுத்துப் போகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கம்பியை மட்டும் உங்கள் வீலில் வைத்து அளந்துவிட்டு எடுங்கள்.

அன்புடன்,
வாத்தியாரின் கூட்டாளிமார், ஹட்டன்