அந்த மூன்றரை அடியை விட்டுக்கொடுக்காதே

சென்னை

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் வரைபடங்களும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவனுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு, எனவே எந்த ஊருக்கும் கிளம்ப முடியவில்லை.

உங்கள் துறைக்கென்று தனியாக ஆய்வகக் கட்டடம் வரப்போகிறது என்பதை இரண்டு முறை படித்தேன். பழைய வகுப்பறைகளில் மேஜை போட்டு, ஜன்னல் ஓரத்தில் இன்குபேட்டரை வைத்து இத்தனை வருடம் ஒப்பேற்றியவள் நீ. சந்தோஷத்தோடு உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். பார்த்த பிறகு இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய முதல் படத்தில் மூன்று தளங்கள், ஒவ்வொன்றும் 4.4 மீட்டர் உயரம். உங்கள் கட்டடக் கமிட்டி திருத்திய படத்தில் நான்கு தளங்கள், ஒவ்வொன்றும் 3.3 மீட்டர். மொத்த உயரம் இரண்டிலும் 13.2 மீட்டர்தான். அதே உயரத்தில் ஒரு தளம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை, வகுப்பறைக் கட்டடமாக இருந்தால் நானே சரி என்றிருப்பேன். ஆய்வகத்துக்கு அது ஆகாது.

கணக்கைப் பார். 3.3 மீட்டரில் தளமும் பீமும் சேர்ந்து 60 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே ஏசி காற்று போகும் டக்ட், மேலே சுற்றிய இன்சுலேஷனோடு 45 சென்டிமீட்டர். விளக்கு, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய்க்கு வேண்டிய வாட்டம், மின்சார கேபிள் எல்லாவற்றுக்கும் குறைந்தது 15. மிச்சம் 2.1 மீட்டர். நீ வாங்கப்போகும் ஃப்யூம் ஹூட், அதாவது ரசாயனப் புகையை இழுத்து வெளியே தள்ளும் பெட்டி, அதன் உயரமே அடி மேஜையோடு சேர்த்து ஏறக்குறைய 2.4 மீட்டர் இருக்கும், அதன் தலைக்கு மேல்தான் புகைக் குழாயே தொடங்கும். பெட்டி நிற்கவே இடமில்லை என்பது கருவி வந்து இறங்கும் நாளில்தான் தெரியவரும். அப்போது டக்ட்டை ஒடுக்குவார்கள், ஒடுக்கினால் காற்று குறையும், குறைந்தால் அறையில் கரைப்பான் நெடி தங்கும். அதே 4.4 மீட்டரில் இந்தக் கணக்கைப் போட்டால் 3.2 மீட்டர் நிம்மதியாக மிஞ்சுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 1.1 மீட்டர், அதாவது மூன்றரை அடி.

ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். கமிட்டியில் பேசும்போது உனக்கு உதவும். அகமதாபாத் ஐ.ஐ.எம்மையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் வடிவமைத்த லூயி கான், அவற்றுக்கு முன்பு பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தைக் கட்டினார். 1957-இல் தொடங்கிய வேலை. நச்சுக்காற்று வெளியேறவும், படிக்கட்டுக்கும், செங்கல் கோபுரங்களைக் கட்டடத்தின் வெளிப்பக்கம் உயர்த்தினார். வேலை செய்யும் இடம் வேறு, அதற்குச் சேவை செய்யும் இடம் வேறு என்று பிரித்த அந்த யோசனையை உலகமே கொண்டாடியது. உள்ளே வேலை செய்தவர்களின் அனுபவம் வேறு மாதிரி. மூலையில் கண்ணாடியாக இருந்ததால் வெயில் நேராக மேஜையில் அடித்தது, ஜன்னலில் ஃபாயில் ஒட்டி மறைத்தார்கள். மேற்கூரையில் குழாய்களைத் திறந்தே விட்டிருந்ததால் தூசி படிந்தது. அறைகள் சின்னவை, ஆராய்ச்சி மாறும்போது மாற்றிப் போட இடமில்லை. பிற்காலத்தில் அதைப் புதுப்பித்தபோது ரசாயனமும் தண்ணீரும் அதிகம் தேவைப்படாத ஆய்வுகளுக்கு மாற்றிவிட்டார்கள்.

கதையின் இரண்டாம் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. போலியோ தடுப்பூசியைத் தந்த ஜோனஸ் சால்க் தன் ஆய்வு நிறுவனத்தைக் கட்டுவதற்கு அதே லூயி கானைத் தேர்ந்தெடுத்தார். இடம் கலிபோர்னியாவில் லா ஹோயா, பசிபிக் கடலைப் பார்த்த மேடு. அங்கே கானும் பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டன்ட்டும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஒரு முழுத் தளம் கட்டினார்கள். ஆய்வகம் 11 அடி உயரம், அதன் மேல் குழாய்த் தளம் 9 அடி. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அந்த 9 அடியிலேயே பெரிய கான்கிரீட் சட்டங்களை வைத்து இரண்டு ஓரங்களிலும் தாங்கிவிட்டதால் கீழே 65 அடி அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட கிடையாது. சுவரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். புதுக் கருவி வந்தால் மேலேயிருந்து குழாயை இறக்கிக்கொள்ளலாம், கீழே யாருடைய பரிசோதனையும் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. முதலில் நான்கு கட்டடங்கள், இரண்டு முற்றங்கள் என்று திட்டம் ஒப்புதலே ஆகியிருந்தது. 1962-இல் சால்க் அதை நிறுத்தி, இரண்டு கட்டடமும் நடுவில் ஒரே முற்றமுமாக மாற்றச் சொன்னார். கான் உட்கார்ந்து மறுபடி வரைந்தார். ஒப்புதலான படத்தை மாற்றவே முடியாது என்று உங்கள் ஆட்கள் சொன்னால் இதைச் சொல். 1965-இல் கட்டி முடித்தது, இன்றும் அதில் ஆராய்ச்சி நடக்கிறது. படம் எடுக்கப் போகிற எல்லோரும் அந்தப் பளிங்கு நிற முற்றத்தையும் நடுவில் ஓடும் நீரோடையையும்தான் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்தின் உயிர் குழாய்த் தளத்தில் இருக்கிறது.

உங்களுக்கு 9 அடி குழாய்த் தளம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆகும் செலவு பெரிது, உங்கள் அளவுக்குத் தேவையும் இல்லை. எனக்கு வேண்டியது அந்த மூன்றரை அடி. கூடவே, இரண்டு அறைகளுக்கு ஒன்று வீதம் குழாய்கள் ஏறி இறங்கச் செங்குத்தாக ஒரு ஷாஃப்ட், அதன் கதவு வராந்தா பக்கம் திறக்க வேண்டும். பிளம்பர் வந்தால் ஆய்வகத்துக்குள் நுழையாமலே வால்வை மாற்றிவிட்டுப் போக வேண்டும். நான் பார்த்த ஒரு கல்லூரியில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல்தான் எல்லா வால்வும். ஒரு கசிவுக்காக எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் ஏணி போட்டுத் தட்டியை எடுத்தபோது, கீழே மேஜையில் இருந்த வளர்ப்புத் தட்டுகளின் மேல் வெள்ளைத் தூள் கொட்டியது. ஒரு பெண் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பல வாரத்து உழைப்பு அது. உன் மாணவிகளுக்கு அந்த நிலை வரக் கூடாது.

அப்புறம் காற்று. படத்தில் எல்லா அறைக்கும் ஸ்பிளிட் ஏசி போட்டிருக்கிறார்கள். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. ஃப்யூம் ஹூட்டோ அறைக்காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஹூட்டின் முன்கண்ணாடியை முழுக்கத் தூக்கி, அந்தத் திறப்பில் காற்றுக்கு விநாடிக்கு அரை மீட்டர் வேகம் இருக்க வேண்டும் என்றால் மணிக்கு 1,800 கன மீட்டர் காற்றுக்குக் குறையாமல் போகும். ஆறுக்கு ஆறு மீட்டர் அறை, மூன்று மீட்டர் உயரம் என்றால் நான்கு நிமிடத்துக்குள் மொத்தக் காற்றும் வெளியே. அந்த அளவுக்குக் குளிர்ந்த வெளிக்காற்று உள்ளே வர ஏற்பாடு இல்லாவிட்டால் கதவிடுக்கில் விசில் அடிக்கும், ஹூட் இழுக்காது. திருநெல்வேலி வெயிலில் வெளிக்காற்றைக் குளிர்விப்பது செலவுதான். அதனால் எத்தனை ஹூட் உண்மையில் தேவை என்று உட்கார்ந்து எண்ணு. தேவையில்லாத ஒன்றைக் குறைத்தால் கரண்ட் பில் ஒவ்வொரு மாதமும் குறையும்.

ஹூட் நிற்கும் இடத்தையும் மாற்றச் சொல். வாசலை ஒட்டி வரைந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் இதே போல இருந்தது. ஹூட்டுக்குள் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு ஒருவரைக் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன். அதுவரை கோடு போட்டாற்போல் உள்ளே போய்க்கொண்டிருந்த புகை, கதவு அசைந்ததும் சுருண்டு எங்கள் முகத்துக்கு வந்தது. ஊதுபத்தி என்பதால் பரவாயில்லை, குளோரோஃபார்மாக இருந்தால்? ஆள் நடமாட்டம் இல்லாத உள்மூலைதான் அதற்கு இடம். வாசலருகே எழுதும் மேஜைகளைப் போடலாம், விபத்து என்றால் பிள்ளைகள் ஓடுவதற்கும் வழி கிடைக்கும்.

புகைக் குழாயை மொட்டைமாடிச் சுவர் உயரத்தோடு முடித்திருக்கிறார்கள். குறைந்தது மூன்று மீட்டராவது மேலே போகட்டும். உங்கள் ஊரில் ஆடிக் காற்று மேற்கிலிருந்து எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும், படத்தில் பெண்கள் விடுதி கட்டடத்துக்கு நேர் கிழக்கே இருக்கிறது.

கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பை மூன்றாம் தளத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சின்ன அதிர்வும் அதன் படத்தைக் கலைத்துவிடும். அதைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவா, மண்மேல் நேராக உட்காரும் தளத்தில், லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் எட்டத்தில். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர்கள் இரவு பகலாக வெப்பத்தைக் கக்கும், அவற்றுக்குத் தனி அறையும் ஜெனரேட்டர் இணைப்பும் வேண்டும். கேஸ் சிலிண்டர்கள் வெளியே, கூரை போட்ட கம்பிக் கூண்டில் இருக்கட்டும். ஆசிட் கழிவுக் குழாய் கழிப்பறைக் குழாயோடு சேரவே கூடாது. இவையெல்லாம் சின்ன திருத்தங்கள், சொன்னால் செய்துவிடுவார்கள்.

உயரம் மட்டும் அப்படியில்லை. சுவரை இடித்துக் கட்டலாம், குழாயை மாற்றலாம், கான்கிரீட் போட்ட தளத்தைப் பிறகு யாராலும் தூக்க முடியாது. நான்காம் தளம் இல்லாமல் முடியவே முடியாது என்றால், ஆய்வகம் இல்லாத அலுவலகத்தையும் கருத்தரங்குக் கூடத்தையும் பக்கத்தில் தனிப் பகுதியாகக் கட்டச் சொல், அதற்கு 3.3 மீட்டர் போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் லேப் அட்டெண்டர் அக்காவை கமிட்டி முன்னால் கூட்டிக்கொண்டு போ. கிருமி நீக்க ஆட்டோகிளேவில் வைக்க வேண்டிய கழிவுப் பையைத் தூக்கிக்கொண்டு தினமும் எந்த வழியில் நடக்கிறார், யாருடன் லிஃப்ட்டில் போகிறார் என்று கேட்டால் போதும். இந்தப் படத்தில் அவர் மாணவர்கள் சாப்பிடும் இடத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அதை வரைந்தவர் கவனிக்கவில்லை, அக்கா பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

வாங்கியது, வாங்கப்போவது என்று எல்லாக் கருவிகளையும் ஒரு பட்டியல் போடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே உயரம், எடை, மின்சாரம், தண்ணீர், எவ்வளவு வெப்பம் விடும் என்று எழுதச் சொல். வாட்ஸாப்பில் அனுப்பினால் போதும், ஒரு வாரத்தில் அறைகளை வைத்துப் பார்த்துப் படம் வரைந்து தருகிறேன். பூமி பூஜைக்குத் தேதி குறிக்கும் முன்பு கமிட்டியோடு ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய். சின்னவனுடைய பரீட்சையைப் பார்த்துக்கொள்ள இவர் இருக்கிறார், இதற்கென்றால் நான் ரயிலேறி வந்துவிடுவேன்.

அன்புடன்,
கமலா