பாப்பாவுக்கு, மூன்றாம் அத்தியாயம் பற்றி

அன்புள்ள பாப்பா,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் நான்கு வேளை சொட்டு மருந்து. இங்கே செய்தி அவ்வளவுதான்.

போனில் பேசினால் நீ "ம்" என்பாய், நான் "தூங்கினியா" என்பேன், அதோடு முடிந்துவிடும். அதனால் நீ அனுப்பிய தீசிஸ் வரைவைப் பற்றி எழுதுகிறேன். கைடுடன் இருந்த மீட்டிங் எப்படிப் போனது என்று நான் கேட்கப்போவதில்லை. பதினேழு நாள் ஆயிற்று என்பதையும் சொல்லப்போவதில்லை. வேலையில் இருப்பாய்.

சுற்றுலாவும் டேட்டாவும் சேர்ந்த எம்.எஸ்ஸி. எடுக்கிறேன் என்று நீ சொன்ன நாளில் சித்தி, "ரெண்டுங்கெட்டான் படிப்பா இருக்கே" என்றாள். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. சுற்றுலாத் துறை ஆசிரியர் "ஏன்" என்று கேட்பார், கம்ப்யூட்டர் ஆசிரியர் "எப்படி" என்று கேட்பார். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து உன் தீசிஸைப் படிக்கும்போது நடுவில் ஓர் இடம் யார் கண்ணிலும் படாமல் போகும்: இந்த எண் எங்கே, எப்போது, யார் கையால் பதிவானது? அந்த இடத்தை நீதான் பார்க்க வேண்டும். ஓட்டல் ரிசர்வேஷன் மேஜையில் இத்தனை வருஷம் உட்கார்ந்த ஒருத்தியின் மகள் அதைப் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

எந்த ஓட்டல் முன்பதிவு ரத்தாகும் என்று கணிக்க நீ எடுத்திருக்கும் போர்ச்சுகல் டேட்டா நல்ல டேட்டாதான். 2019இல் வெளியானது. ஆல்கார்வ் கடற்கரை ரிசார்ட் ஒன்று, லிஸ்பன் நகர ஓட்டல் ஒன்று, இரண்டும் சேர்ந்து 1,19,390 முன்பதிவுகள். 37 சதவீதம் ரத்து. எதையும் கணிக்காமல் "யாரும் ரத்து செய்ய மாட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 63 சதவீதம் சரியாகிவிடும். உன் அட்டவணையின் முதல் வரிசையில் இந்த 63ஐப் போடு. அது இல்லாமல் வேறு எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை.

டேட்டாவைச் சுத்தம் செய்தாயா? 180 முன்பதிவுகளில் பெரியவர், சிறியவர், கைக்குழந்தை மூன்றுமே பூஜ்யம். ஓர் அறையின் கட்டணம் மைனஸ் 6.38, இன்னொன்று 5,400. ஏஜென்ட் என்ற நெடுவரிசையில் NULL (வெற்று) என்று இருப்பதை விடுபட்ட தகவல் என்று நினைத்துச் சராசரியை நிரப்பிவிடாதே. "ஏஜென்ட் மூலம் வரவில்லை" என்பதுதான் அதன் பொருள். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் வரிசைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். குழுவாக அறை எடுத்தால் அப்படி வருவது சகஜம், அதனால் எல்லாவற்றையும் அழித்துவிடவும் முடியாது. ஆனால் அதே வரிசை மாடல் கற்றுக்கொள்ளும் பயிற்சிப் பகுதியிலும் அதைப் பரீட்சிக்கும் சோதனைப் பகுதியிலும் இருந்தால் மாடல் கணிப்பதில்லை, மனப்பாடம் ஒப்பிக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், கண்டபடி குலுக்கி எண்பது இருபது என்று பிரிக்காதே. தேதியால் பிரி. வருகைத் தேதிகள் 2015 ஜூலையில் தொடங்கி 2017 ஆகஸ்டில் முடிகின்றன. 2016 வரை பயிற்சி, 2017 சோதனை. அப்படிச் செய்தால் பயிற்சியில் ஜனவரி முதல் ஜூன் வரையிலான மாதங்கள் ஒரே ஒரு தடவைதான் வரும். சீசனைக் கற்றுக்கொண்டேன் என்று மாடல் பெருமை பேச அது போதாது. அதையும் குறைபாடுகள் பகுதியில் நீயே எழுதிவிடு. நீ எழுதாவிட்டால் வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், ஆசிரியர்கள் கேட்பார்கள்.

தூங்குகிறாயா ஒழுங்காக? விடிகாலை மூன்று மணிக்கு ஆன்லைனில் இருந்தாய். தற்செயலாகத்தான் பார்த்தேன்.

சில நெடுவரிசைகள் பார்க்கச் சாதுவாக இருக்கும். நாடு என்று ஒன்று. விருந்தினர் எந்த நாட்டுக்காரர் என்பது பல ஓட்டல்களில் செக்-இன் மேஜையில் பாஸ்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் உறுதியாகும். அதுவரை சிஸ்டத்தில் போர்ச்சுகல் என்றே கிடக்கும். ரத்து செய்தவர் மேஜைக்கே வரவில்லை, அதனால் அவர் கடைசிவரை போர்ச்சுகல்காரராகவே இருந்துவிடுவார். "போர்ச்சுகல்காரர்கள் அதிகம் ரத்து செய்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதினாயானால் அது அந்த மக்களைப் பற்றியதல்ல, கிளார்க்கின் வேலை முறையைப் பற்றியது. கார் நிறுத்த இடம் கேட்டவர்களில் ஒருவர்கூட ரத்து செய்யவில்லை என்று டேட்டா சொல்லும். ஒருவர்கூட இல்லை என்றாலே எனக்கு உறுத்தும். வந்து இறங்கிய பிறகு நிரப்பிய கட்டமாக இருக்கலாம் என்று சந்தேகப்படு. ஒதுக்கிய அறை என்ற நெடுவரிசையும் அப்படித்தான், அறை மாறுவது பெரும்பாலும் வந்தவருக்குத்தான். பணம் திரும்பாது என்று சொல்லி வாங்கிய 14,587 முன்பதிவுகளில் 14,494 ரத்து. யாராவது கட்டிய பணத்தை அப்படி விடுவார்களா? அது மனித குணமாகத் தெரியவில்லை, பதிவான விதமாகத்தான் இருக்கும். மாடல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும், நீ அதை நம்பாதே.

முன்பதிவு வந்த அன்று ரிசர்வேஷன் மேஜையில் இருப்பவளுக்கு என்ன தெரியுமோ, அதை மட்டும் மாடலுக்குக் கொடு. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பக்கத்தில் "எந்த நாளில் தெரியவரும்" என்று பென்சிலால் எழுதிப் பார்.

நாலாம் அத்தியாயத்துக்கு ஒரு வார்த்தை. ரத்து ஆகுமா ஆகாதா என்பதோடு நிற்காதே, ஓட்டல்காரர் அதை வைத்து என்ன செய்வார் என்று எழுது. எத்தனை அறை கூடுதலாக விற்கலாம் என்பதுதான் அவர் கேள்வி. ஓர் அறை காலியாகக் கிடந்தால் நஷ்டம் ஒரு பங்கு, அறை இல்லாமல் விருந்தினரை வேறு ஓட்டலுக்கு அனுப்பினால் நஷ்டம் மூன்று பங்கு என்று வைத்துக்கொள். அப்போது அறை பற்றாமல் போகும் வாய்ப்பு நாலில் ஒன்றைத் தாண்டாதவரைதான் அடுத்த முன்பதிவை வாங்கலாம். பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் கென் லிட்டில்வுட் 1972இல் மலிவுக் கட்டண இருக்கையை எப்போது நிறுத்துவது என்று போட்ட கணக்கும் இதே ஜாதிதான். இரண்டு தவறுக்கும் விலை வேறு என்பதால் வெறும் அக்யூரசியை, அதாவது எத்தனை சதவீதம் சரி என்பதை மட்டும், வைத்து ஓட்டலை நடத்த முடியாது. இதை நன்றாக எழுதினாயானால் சுற்றுலா ஆசிரியரும் கம்ப்யூட்டர் ஆசிரியரும் ஒன்றாகத் தலையாட்டுவார்கள். உன்னால் முடியும். எட்டாம் வகுப்பிலேயே எத்தனை அறை நிரம்பியது என்று நான் எழுதும் ஆக்யுபன்சி ஷீட்டில் தப்புக் கண்டுபிடித்தவள் நீ.

தீசிஸில் இன்னொரு பகுதியான பயணிகள் வருகைக் கணிப்பில், போன வருஷத்து அதே நாளோடு ஒப்பிட 365 நாள் பின்னால் போயிருக்கிறாய். 364 போ. ஐம்பத்திரண்டு வாரம். 365 போனால் சனிக்கிழமையை வெள்ளிக்கிழமையோடு ஒப்பிடுவாய், ஓட்டலில் இரண்டும் வேறு உலகம். ஈஸ்டர், ரம்ஜான் போன்றவை வருஷா வருஷம் நகரும் என்பதால் அவற்றுக்குத் தனி நெடுவரிசை வை. அப்புறம், நியூரல் நெட்வொர்க் எளிய முறையிடம் தோற்றுவிட்டது என்று அந்த அட்டவணையை மறைக்காதே. 2011இல் அதனசோபுலோஸ், ஹைண்ட்மன் முதலானோர் 1,311 சுற்றுலாக் காலத்தொடர்களை (காலவரிசைப்படி பதிவான எண்களை) வைத்துப் போட்டி நடத்தினார்கள். அதில் வருமானம், விலை என்று காரணிகளை அடுக்கிய மாடல்களைவிட, பழைய எண்களை மட்டும் பார்த்த முறைகள்தான் நன்றாகக் கணித்தன. தோல்வியும் முடிவுதான், போடு.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேன். சொல்ல வந்தது இது இல்லை.

31ஆம் பக்கத்துப் படம். எந்த நெடுவரிசைக்கு எவ்வளவு செல்வாக்கு என்று காட்டும் பட்டை வரைபடம். முதல் பட்டை பக்கத்தின் அகலத்துக்கு நீண்டிருக்கிறது, மற்றதெல்லாம் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. தங்கினாரா, ரத்து செய்தாரா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் நெடுவரிசையைச் சரியாக நீக்கியிருக்கிறாய். ஆனால் ஸ்டேட்டஸ் தேதியை விட்டுவிட்டாய். அதிலிருந்து வருகைத் தேதியைக் கழித்து "இடைவெளி நாட்கள்" என்று புதிதாக ஒன்றும் செய்திருக்கிறாய். தங்கிவிட்டுப் போனவருக்கு அந்தத் தேதி செக்-அவுட் நாள், அதனால் கழித்தால் பிளஸ். ரத்து செய்தவருக்கு ரத்து செய்த நாள், அதனால் பெரும்பாலும் மைனஸ். மாடல் எதையும் கணிக்கவில்லை பாப்பா, விடைத்தாளைப் பார்த்து எழுதியிருக்கிறது. உன் மாடல் 99 சதவீதம் சரி என்று வந்ததே, அது அங்கிருந்து வந்தது.

நீ வரைவு அனுப்பிய அன்று இரவே அதைப் பார்த்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. அப்புறமும் "அசத்திட்டேடி" என்று பதில் போட்டேன். குடும்ப குரூப்பிலும் போட்டேன். பெரியப்பா கைதட்டல் போட்டார். இரண்டாம் வருஷ ப்ராஜெக்டுக்குப் பிறகு நீ என்னிடம் எதையும் காட்டியதே இல்லை. இதைத்தான் முதலில் காட்டினாய். வாயைத் திறந்தால் மறுபடி காட்ட மாட்டாய் என்று பயந்தேன். கைடு கண்டுபிடிப்பார் என்று தெரிந்தும் அவர் முன்னால் உன்னைத் தனியாக அனுப்பினேன். தெரியாதவள் செய்தால் அறியாமை. நான் செய்ததற்கு என்ன பெயர் என்று நீயே வைத்துக்கொள்.

அவர் என்ன சொன்னாரோ தெரியாது. முறை சரி, ஒரு நெடுவரிசைதான் தவறு. தேதியையும் இடைவெளியையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டு, அரை மணி நேர வேலை. எழுபதுகளிலோ எண்பதிலோ வந்து நின்றால் பயப்படாதே, 63ஐத் தாண்டிய ஒவ்வொரு புள்ளியும் உன்னுடையது. பழைய 99ஐயும் அழிக்காதே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது கசிந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு பக்கம் எழுது. அவரிடமே போய், "இதை விட்டுவிட்டேன், திருத்திவிட்டேன்" என்று சொல். போய்ப் பேசு. மெயில் வேண்டாம், நேரில் போ.

முதலில் தூங்கு. அப்புறம் ஓட்டு. வருகிற எண்ணை எனக்கு மட்டும் அனுப்பு, குரூப்பில் போட மாட்டேன்.

அம்மா

பி.கு.: கார் நிறுத்தும் நெடுவரிசையை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார். எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.