பயிற்சிக்கு முன் ஒரு ஸ்கூப்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ஊக்கப் பவுடர்களைப் பற்றி யாராவது கொஞ்சம் கறாராகப் பேச வேண்டும். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் காஃபீன் வேலை செய்யும், அதில் சண்டை இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் எடுத்தால் ஓட்டத்திலும் சைக்கிளிலும் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அது புதுச் சக்தி எதையும் தருவதில்லை, களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசினைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அந்த அளவுக்கு மேல் போனால் கை நடுக்கம், படபடப்பு, வயிற்றுக் கலக்கம்தான் கூடும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும், அப்புறம் தூக்கம் எங்கே வரும், தசை எப்படித் தேறும்?

காஃபீனோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 1967 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் டாம் சிம்ப்சன் என்ற வீரர் மோன் வான்டூ மலையேற்றத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். கடும் வெயில், உடலில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து. எடை குறைக்கவென்று விற்ற எபிட்ரா என்ற ஊக்க மூலிகையை அமெரிக்கா 2004-ல் தடை செய்ததும் மாரடைப்பு, பக்கவாதம் என்று புகார்கள் குவிந்த பிறகுதான்.

எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் சொல்லாத டப்பாவை நான் தொடமாட்டேன். ரத்த அழுத்தமோ இதயத் துடிப்பில் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பக்கமே போக வேண்டாம். பவுடரைத் தண்ணீரில்லாமல் வாயில் கொட்டி வீடியோ போடும் பிள்ளைகளை யார் கண்டிப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்