கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மருத்துவமனைப் பதிவுகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

என் அப்பாவின் கேஸ் ஷீட் நகலை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வார்டில் எழுதும் மூச்சு, பிபி, காய்ச்சல் போன்ற அளவுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல். சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த இரண்டாம் நாள் இரவு. மாலை 6 மணி, இரவு 10, 2, விடியற்காலை 6. நான்கு வேளையிலும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே எழுதியிருக்கிறது.

அன்றிரவு கட்டில் பக்கத்தில் இருந்த அட்டெண்டர் நான்தான். 10 மணிக்கு சிஸ்டர் வந்தார். பிபி பார்த்தார், விரலில் கிளிப் மாட்டினார், காய்ச்சல் பார்த்தார். மூச்சை எண்ணவில்லை. அப்பாவுக்கு மேல்மூச்சு வாங்குவதைக் கண்டு பயந்து, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து நானே எண்ணினேன். 24. மறுபடியும் எண்ணினேன். 24. போய்ச் சொன்னேன். "ஆபரேஷன் வலி இருக்கும்ல சார், காலைல ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வருவாங்க" என்றார். 4 மணிக்கு அப்பா என்னைச் சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதையும் போய்ச் சொன்னேன். தூக்கக் கலக்கம் என்றார்கள். 7 மணிக்கு அவரை ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் கழித்து அப்பா இறந்துபோனார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய அட்டவணையை உங்கள் அலுவலக மருத்துவர்கள் அறிவார்கள். மூச்சு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), பிபி, நாடித்துடிப்பு, நினைவு, காய்ச்சல் என்ற ஆறுக்கும், இயல்பை விட்டு விலக விலக 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் இன்னும் 2. கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும், மணிக்கு ஒருமுறையாவது மறுபடி அளக்க வேண்டும். 7 ஆனால் அவசரச் சிகிச்சைக் குழுவே வர வேண்டும்.

அப்பாவின் 10 மணிக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். நாடி 104, அதற்கு 1. பிபி மேல் அளவு 110, அதற்கு 1. காய்ச்சல் 101, அதற்கு 1. சாச்சுரேஷன் 94, அதற்கும் 1. மூச்சு 20 என்றால் மதிப்பெண் இல்லை, மொத்தம் 4. நான் எண்ணிய 24 என்றால் 2, மொத்தம் 6. அதாவது எண்ணாமல் எழுதிய அந்த 20தான் மருத்துவரை வரவிடாமல் செய்யும் எண். 4 மணிக்கு ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினாரே, புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே 3. மற்றவை மாறாமல் இருந்திருந்தாலும் 9.

தனித்தனியாகப் பார்த்தால் இந்த எண்களில் ஒன்றுகூட யாரையும் பதறவைக்காது. அதனால்தான் கேட்கிறேன்: கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 32 கட்டிலுக்கு அவர் ஒருவர். எந்த எண்ணில் யாரை எழுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுக்காத இடத்தில், தூங்கும் டூட்டி டாக்டரை எழுப்ப அவருக்கு எங்கிருந்து தைரியம் வரும்? 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் உங்கள் டி.எம்.எஸ். வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். மாதம் 7,700 ரூபாய்க்கு எங்கள் உயிரைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அரசு வேலையிலேயே அந்த நிலை என்றால், தனியார் வார்டில் இரவெல்லாம் நிற்கும் பெண்ணின் நிலையை யார் விசாரித்தீர்கள்? ஆள் போடாமல் அட்டவணை மட்டும் ஒட்டினால் இன்னொரு பொய் எண்ணைத்தான் எழுதுவார்கள்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததற்கு வருகிறேன். விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் திட்டத்தில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது இதே துறைதான். வாசலில் இருக்கும் அந்த அக்கறை வார்டுக்குள்ளும் வேண்டும். 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறும், புதுப்பிக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், உள்நோயாளியின் கட்டிலில் இந்த மதிப்பெண் அட்டவணைத் தாள் இருக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், எந்த மதிப்பெண்ணுக்கு யார் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இந்த அட்டவணை பொருந்தாது, அவர்களுக்குத் தனித் தாள் வேண்டும். இங்கிலாந்தில் 2024 முதல் மார்த்தா விதி என்ற பெயரில், குடும்பத்தாரே வேறொரு மருத்துவக் குழுவை அழைக்க வழி செய்திருக்கிறார்கள். அன்றிரவு எனக்கு அப்படி அழைக்க ஒரு வழி இருந்திருந்தால் 10 மணிக்கே அழைத்திருப்பேன்.

சில பெரிய மருத்துவமனைகளில் இந்த முறை ஏற்கெனவே இருக்கிறது. இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு தாள், ஒரு கைக்கடிகாரம், போதிய செவிலியர் போதும். தயவுசெய்து கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட் நகலைத் தரத் தயாராக இருக்கிறேன். எந்த நாள் வரச் சொன்னாலும் எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
அப்பாவின் கட்டிலருகே அட்டெண்டராக இருந்த மகன்,
சென்னை.